நீர் சொல்லும் சாட்சியம் யாருக்குரியது?

1

விஞ்ஞானத்தின் புதிய கருவியொன்று இந்நாட்டை வந்தடையும்போதெல்லாம் அதனைச் சூழ ஒரு புகழாரமும் உடன்வந்து சேர்கின்றது. பசுமைப்புரட்சியின் புதிய நெல்லினங்கள் வந்தபோதும் அவ்வாறே; இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தபோதும் அவ்வாறே. கருவி எதனைச் செய்ய வல்லது என்பது விரிவாகப் பேசப்படும். அது யார் கையில் இருக்கும், அதன் பயன் யாரைச் சென்றடையும், அது தவறுமிடத்து நட்டம் யார் தலையில் விடியும் என்பன பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இறால் வளர்ப்புக் குளங்களின் ஆரோக்கியத்தை, அவற்றின் நீரிற் கலந்துள்ள பரம்பரைப் பொருளைக் கொண்டு அறியும் சோதனைமுறை இன்று இத்தகையதொரு புகழாரத்துடனேயே முன்வைக்கப்படுகின்றது. ஒரு போத்தல் நீரை அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாற் போதும், குளத்துக்கு வரவிருக்கும் நோயை முன்கூட்டியே அறிந்துவிடலாம், இனி இறால் வளர்ப்பில் அழிவென்பதே இல்லை என்ற தோரணையிற் பேசப்படுகின்றது.

அச்சோதனை பயனற்றது என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது மெய்யாகவே வலிமை வாய்ந்த கருவி. அதனை இந்நாடு பயன்படுத்துதல் வேண்டும். ஆயின் எவ்வாறு பயன்படுத்துவது என்ற வினாவிலேயே கருத்துவேறுபாடு தொடங்குகின்றது. நீர் தரும் சாட்சியம் குளச் சொந்தக்காரரின் இரும்புப்பெட்டிக்குள் பூட்டப்படுமாயின் அச்சோதனை எவரையும் காக்கமாட்டாது. அயலவர் அனைவரும் அறியும்வண்ணம் அது பொதுவில் வைக்கப்படும்போதே தொழிலையும், அத்தொழிலை நம்பி வாழ்வோரையும் காக்கும். இதுவே ஈண்டு நிலைநாட்டப்படும் கருத்தாகும்.

2

முதலில் அச்சோதனை யாது என நோக்குதல் பொருத்தமுடையது. நீரில் வாழும் ஒவ்வோர் உயிரும் தோல், சளி, கழிவு என்பவற்றினூடாகத் தன் உடலின் நுண்ணிய துணுக்குகளை இடைவிடாது நீரில் உதிர்த்துக்கொண்டிருக்கின்றது. நோய்பட்ட இறால் அதனோடு நோய்க்காரணியையும் நீரில் விடுகின்றது. இத்துணுக்குகளிலுள்ள டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து வாசித்தால், உயிரியைக் கண்ணாற் காணாமலேயே அதன் இருப்பை அறியலாம். 2008 ஆம் ஆண்டிற் பிரான்சிலே, குட்டைகளின் நீரை மாத்திரம் சோதித்து, அங்கு வந்தேறிய அமெரிக்க எருதுத்தவளை உண்டா இல்லையா என்று கூறமுடியும் எனக் காட்டப்பட்டது. அதன்பின் இம்முறை ஆறு, ஏரி, கடல் என எங்கும் பரவலாயிற்று.

செய்முறை விளங்கிக்கொள்வதற்குக் கடினமானதன்று. அள்ளிய நீர் மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட வடிதாளினூடாகச் செலுத்தப்படும். வடிதாளில் தங்கியவற்றிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கப்படும். பின்னர், 1983 இற் கரி முல்லிஸ் கண்டறிந்ததும் 1993 இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றுத்தந்ததுமான பீ.சீ.ஆர். முறையால், தேடப்படும் நோய்க்காரணிக்கே உரிய சிறு பகுதி மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டிக்கப்படும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றுக்களின் முடிவில் ஒரேயொரு மூலக்கூறு கோட்பாட்டளவில் ஏறத்தாழ 107 கோடிப் பிரதிகளாகப் பெருகும். எத்தனையாவது சுற்றில் அது புலப்படத் தொடங்குகின்றது என்பதைக் கொண்டு நீரில் நோய்க்காரணி மிகுதியாக உள்ளதா, அருகியுள்ளதா என மதிப்பிடலாம். இன்னொரு வழியும் உண்டு. எல்லாப் பற்றீரியாக்களுக்கும் பொதுவான பரம்பரையலகொன்றை வாசித்து, குளத்தில் எவ்வெவ் வகையின எந்த விகிதத்தில் உள்ளன எனப் பட்டியலிடலாம். விப்ரியோ இனங்களின் பங்கு திடீரென உயருமாயின் குளத்தின் சமநிலை குலைகின்றது என்பதற்கு அது ஓர் அறிகுறியாகும்.

இச்சோதனைக்கு ஏன் தேவை எழுந்தது என்பதைச் சிறியதொரு கணக்கு விளக்கும். குளமொன்றிலுள்ள இறால்களில் நூற்றுக்கு இரண்டு நோயுற்றிருப்பதாகக் கொள்வோம். அந்நோயை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியுடன் கண்டுபிடிப்பதற்கு ஏறத்தாழ 150 இறால்களையேனும் பிடித்துச் சோதித்தல் வேண்டும். நூற்றுக்குப் பத்து நோயுற்றபின்னர் 30 இறால்கள் போதும். ஆயின் அந்நிலையிற் காலம் கடந்துவிடும். நீரோ குளத்திலுள்ள அனைத்து இறால்களினதும் சுவடுகளை ஒருங்கே தாங்கியுள்ளது. நீர்ச் சோதனையின் சிறப்பு இதுவேயாகும்.

3

இனி, அனுபவமே போதும், ஆய்வுகூடம் எதற்கு என வினவுவோரின் வாதத்தை நோக்குவோம். இறால் வளர்ப்பவன் நீரின் நிறத்தையும் உணவுத்தட்டில் எஞ்சும் தீனியையும் பார்த்தே குளத்தின் நிலையைச் சொல்லிவிடுவான் என்பது அவர்தம் கூற்று. இதில் உண்மை இல்லாமலில்லை. தீனி எஞ்சினால் ஏதோ பிழை என்பதை முதலில் உணர்பவன் குளக்கட்டில் நிற்கும் தொழிலாளியே. அவன் அறிவைப் புறக்கணிக்கும் எந்த விஞ்ஞானமும் குளக்கட்டில் நிலைபெறாது. எனினும் அக்கண்ணுக்கும் எல்லையுண்டு. வெள்ளைப்புள்ளி நோய் தாக்கிய குளத்தில் அறிகுறிகள் புலப்பட்டு மூன்று முதல் பத்து நாட்களுக்குள் இறால்கள் முற்றாக மடிந்துவிடக்கூடும். ஓட்டிலே வெண்புள்ளிகளைக் கண்ணாற் காணும் நாளில் அழிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2009 இல் தாய்லாந்து இறால்களிலிருந்து விவரிக்கப்பட்ட ஈ.எச்.பி. எனும் நுண்ணொட்டுண்ணியோ கூட்டமாகக் கொல்வதுமில்லை. இறால் உண்ணும், வளராது. உரிமையாளன் தீனியைக் குறைகூறுவான். குஞ்சு விற்றவனைக் குறைகூறுவான். தொழிலாளி தீனியைத் திருடினான் என்றுகூட ஐயுறுவான். இத்தகைய நோயை நுணுக்குக்காட்டியோ பரம்பரைப் பொருட் சோதனையோ இன்றி உறுதிசெய்ய வழியில்லை. எனவே அனுபவத்தையும் சோதனையையும் எதிரெதிரே நிறுத்துவது போலியான வாதமாகும்.

இதனினும் முக்கியமான பயனொன்றுண்டு. வெள்ளைப்புள்ளி நோய் வைரசினால் உண்டாவது. அதற்கு மருந்தில்லை. ஆயின் இறால் மடியத் தொடங்கியதும் பீதியுற்ற வளர்ப்பாளர் கையிற் கிடைத்த நுண்ணுயிர்கொல்லியைக் குளத்திற் கொட்டுவது பல நாடுகளின் அனுபவம். வைரசை அம்மருந்து தீண்டாது. மாறாக, மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை அது வளர்க்கும். மருந்தின் எச்சம் காணப்பட்ட ஏற்றுமதிப் பொதி திருப்பியனுப்பப்படும். கழிவுநீருடன் அது களப்பையும் சென்றடையும். நோய் இன்னதெனக் காலத்தோடு கூறும் சோதனை, ஒன்றுக்கும் உதவாத மருந்துக்குச் செலவாகும் பணத்தையும் அம்மருந்து விளைக்கும் கேட்டையும் தடுக்க வல்லது.

4

சோதனையின் பயனை இவ்வாறு ஒப்புக்கொண்டபின்னர், அதனை மந்திரக்கோலாக்கிக் காட்டுவோரை எதிர்கொள்ளல் எளிதாகின்றது. ஒரு ஹெக்ரேயர் பரப்பும் ஒரு மீற்றர் ஆழமுமுடைய குளத்தில் ஒரு கோடி லீற்றர் நீர் உண்டு. அதில் அள்ளப்படுவதோ ஒரு லீற்றர். குளத்தின் எந்த மூலையில், எந்த ஆழத்தில், நாளின் எந்த வேளையில் அள்ளினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். தீனியும் பாசியும் சேறும் நிறைந்த குளத்துநீர் வடிதாளை விரைவில் அடைத்துவிடும். அந்நீரிலுள்ள சேதனப் பொருட்கள் பீ.சீ.ஆர். தாக்கத்தைத் தடைசெய்து, இருக்கும் நோயை இல்லையெனவும் காட்டக்கூடும். மறுபுறம், இறந்துபோன வைரசின் டி.என்.ஏ.யும் சில காலம் நீரில் எஞ்சும். அது தொற்றும் வல்லமையுடையதா என்பதைச் சோதனை சொல்லாது. இறாலைத் தாக்கும் மஞ்சட்தலை நோய் போன்றவற்றின் வைரசுகள் டி.என்.ஏ. அன்றி ஆர்.என்.ஏ.யைக் கொண்டவை. அவற்றுக்கென வேறொரு படிமுறையைச் சேர்க்காவிடின் சோதனை அவற்றைக் காணாமலே போகும்.

இன்னோர் எடுத்துக்காட்டும் சிந்திக்கத்தக்கது. 2009 அளவிற் சீனாவிற் தோன்றி, வியட்நாம், மலேசியா, தாய்லாந்து எனப் பரவி, 2013 இல் மெக்சிக்கோவையும் எட்டிய சடுதி இறப்பு நோய், குஞ்சு விட்டு ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் குளங்களை வெறுமையாக்கியது. விப்ரியோ பரஹீமோலிற்றிக்கசு எனும் பற்றீரியாவே அதன் காரணி என 2013 இல் நிறுவப்பட்டது. ஆயின் அவ்வினத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் உவர்நீரெங்கும் இயல்பாக வாழ்பவை. அவற்றுட் குறித்ததொரு பிளாசுமிட்டைச் சுமந்து இரு நச்சுப் புரதங்களை ஆக்குபவையே இறாலைக் கொல்கின்றன. பற்றீரியாவின் பெயரை மட்டும் தேடிய சோதனை நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகவே காட்டியிருக்கும். நச்சின் பரம்பரையலகைத் தேடியபோதே உண்மை புலப்பட்டது. எதனைத் தேடவேண்டும் என்ற அறிவு முன்னரே இருந்தாலன்றிச் சோதனை விடை தராது. இதுவரை பெயரிடப்படாத நோயை எந்தப் போத்தல் நீரும் பெயர்சொல்லி அழைக்கப்போவதில்லை.

இவை யாவும் சோதனையைக் கைவிடுவதற்கான காரணங்களல்ல. நீர்ச் சோதனை எச்சரிக்கை மணி. உறுதிசெய்வதற்கு இறாலையே சோதித்தல் வேண்டும். ஒருமுறை பெற்ற விடையைக் காட்டிலும், ஒரே இடத்தில், ஒரே முறையில், வாரந்தோறும் பெறப்படும் விடைகளின் ஏற்றவிறக்கமே பொருளுடையது. இவ்வளவையும் சொல்லாது கருவியை விற்கவருபவர் விஞ்ஞானத்தின் பெயரால் வணிகத்தையே நடத்துகின்றார்.

5

இப்பொழுது மூலவினாவுக்கு வருவோம். இலங்கையின் இறால் வளர்ப்பு அறியாமையால் அழிந்ததா?

வணிக நோக்கிலான இறால் வளர்ப்பு இந்நாட்டில் 1980களில் வேரூன்றியது. மட்டக்களப்பிலும் அது தொடங்கப்பெற்றது. போர்ச்சூழலிற் கிழக்கின் பண்ணைகள் கைவிடப்படவே, தொழில் சிலாபம் முதற் புத்தளம் வரையிலான வடமேற்குக் கரையிற் குவிந்தது. கண்டற்காடுகளும் சதுப்புநிலங்களும் வெட்டித் திருத்தப்பட்டுக் குளங்களாயின. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் சிலாபக் களப்பையும் முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் ஒன்றோடொன்று இணைத்துக் கிடக்கின்றது. பண்ணைகள் பல நீரை எடுத்தது அந்நீர்த்தொகுதியிலிருந்து. கழிவை விட்டதும் அதற்குள்ளேயே. ஒருவரின் வடிகால் மற்றவரின் வாய்க்காலாயிற்று. 1992 அளவிற் கிழக்காசியாவிற் தலைகாட்டிய வெள்ளைப்புள்ளி நோய் 1994 இல் இந்தியாவை எட்டியிருந்தது. 1996 இல் அது இங்கு வந்தபோது, தீப்பந்தத்தைக் கொண்டு ஓலைக்குடிசைகளின் வரிசையிற் புகுந்தவனைப்போல் குளத்திலிருந்து குளத்துக்கு ஓடியது. 1998 இல் மீண்டும் வந்தது. கடன்பட்டுக் குளம் வெட்டிய சிறு வளர்ப்பாளர் மீளவில்லை. அவர் விட்டுச்சென்ற குளங்கள் நெல்லுக்கும் உதவாமல், கண்டலுக்கும் உதவாமல் உவர்ப்புண்களாய் எஞ்சின.

நோய் வருகின்றது என்பது அந்நாளில் அயல்நாட்டுச் செய்திகளால் அறியப்படாததன்று. நீரெடுக்கும் இடமும் கழிவு விடும் இடமும் ஒன்றாயிருத்தல் தீது என்பதை உணர்வதற்கும் பரம்பரையியற் புலமை தேவையில்லை. குளத்தில் இறால் மடியக் கண்டவன் அயலவனுக்குச் சொல்லாமல் அறுவடை செய்து, நீரைத் திறந்துவிடும் இடத்திலேதான் நோய் பெருகியது. அவன் தீயவன் என்பதனாலன்று. அவன் சொல்வதனால் அவனுக்குக் கிடைப்பது நட்டம் மட்டுமே என்பதனால். நோய்க் குளமெனத் தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். மறைத்தவன் அரைக் காசேனும் பெற்றான். அறிவித்தவன் அதையும் இழந்தான். உண்மையைத் தண்டித்து மறைப்பைப் பரிசளிக்கும் ஏற்பாடு நிலவும்வரை, முன்னரே அறியும் கருவி மறைப்பவனுக்கு ஒரு வாரம் முன்னதாக மறைக்கும் வாய்ப்பையே வழங்கும். நீர்ச் சோதனையைத் தனிப்பட்ட சேவையாக விற்க முயலுவோர் இந்த ஓர் உண்மைக்கு விடையிறுத்தல் வேண்டும்.

சட்டத்தின் பார்வையும் இவ்விடத்திற் குறைபாடுடையதே. 4 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டங்களுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்பது விதி. அதற்குட்பட்ட குளங்களை விதி தனித்தனியே நோக்கி விட்டுவிடுகின்றது. ஆயின் நூறு சிறு குளங்கள் ஒரே கால்வாயைச் சூழுமிடத்து, அக்கால்வாய்க்கு அவை ஒரு பெருங்குளமே. சட்டம் குளங்களைப் பிரித்து எண்ணுகின்றது. நீர் அவற்றைக் கூட்டி எண்ணுகின்றது. நீரின் கணக்கே இறுதியில் வெல்லும்.

6

சோதனையின் முடிவு, பணம் செலுத்தியவரின் சொத்து என்பது அடுத்த வாதம். வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதுபோல ஆய்வுகூடமும் குளத்தின் இரகசியத்தைக் காத்தல் வேண்டும் என உவமை காட்டப்படுகின்றது. இவ்வுவமை பிழையானது. தனிமனிதனின் உடல் அவனுக்குரியது. குளத்தின் நீர் குளத்துக்குரியதன்று. அது களப்பிலிருந்து வந்தது, களப்புக்கே திரும்பப்போவது. அக்களப்பில் நண்டு பிடிப்பவரும் உளர். வீச்சுவலை எறிபவரும் உளர். வெள்ளைப்புள்ளி வைரசு பண்ணை இறாலோடு நின்றுவிடுவதில்லை. நண்டும் காட்டிறாலும் பிற ஓட்டுயிரிகளும் அதனைச் சுமக்கும். பண்ணையின் இலாபத்திற் பங்கில்லாத மீனவர், பண்ணையின் நோயில் மட்டும் பங்காளியாக்கப்படுகின்றார். அவரிடம் இரகசியம் காக்கும் உரிமை எவருக்குமில்லை.

அன்றியும், தொற்றுநோயைப் பொறுத்தவரை மனித மருத்துவமும் இரகசியத்தை அவ்வாறு பேணுவதில்லை. வாந்திபேதி கண்ட வைத்தியர் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். 2020 இன் பின் கொரோனாப் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் நகரக் கழிவுநீரைச் சோதித்து, எப்பகுதியில் நோய் ஏறுகின்றது என்பதை அறிந்தனர். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அங்கு எவரும் கேட்கவில்லை. எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவுமில்லை. ஊர் மட்டும் விழித்துக்கொண்டது. இந்த முன்மாதிரியே இறால் வளர்ப்புக்கும் உகந்தது. தனிக் குளத்தை ஒற்றுப்பார்க்கும் கருவியாகப் பரம்பரைப் பொருட் சோதனையை அமைப்பதைவிட, பொதுக் கால்வாயையும் களப்பின் வாய்களையும் குறித்த இடங்களில், குறித்த நாட்களிற் சோதிக்கும் பொதுச் சேவையாக அதனை அமைத்தல் வேண்டும். கால்வாயின் மேற்பகுதியில் நோயின் சுவடு கண்டால், கீழ்ப்பகுதியிலுள்ளோர் அந்நாளே நீரெடுப்பதை நிறுத்துவர். தேக்கிவைத்த நீரைக் குளோரீன் இட்டுத் தொற்றுநீக்கியபின் பயன்படுத்துவர். தனக்குரிய தகவலை விலைகொடுத்து வாங்க இயலாத அரை ஏக்கர் வளர்ப்பாளரும் பத்து ஏக்கர் உடையவரும் அத்தகவலை ஒரே நேரத்திற் பெறுவர்.

இது வெறுங்கனவு எனத் தள்ளிவிடுவதற்கில்லை. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இத்துறைக்கென ஓர் அதிகாரசபை உண்டு. குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் பீ.சீ.ஆர். மூலம் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. வடமேற்கில் வளர்ப்பாளர் சங்கங்கள் உள. எந்த வலயம் எக்காலத்திற் குஞ்சு விடலாம் என்பதை வரையறுக்கும் காலஅட்டவணையும் நடைமுறைக்கு வந்தது. நீர் பொதுவானது, ஆகவே காலமும் பொதுவில் வகுக்கப்படல் வேண்டும் என்ற தெளிவை, அழிவின் கையாற் கற்றவர்கள் அவர்கள். காலத்தைப் பொதுவாக்க இசைந்தோர் தகவலையும் பொதுவாக்க இசையமாட்டார் எனக் கொள்வதற்கு நியாயமில்லை. இசைவிப்பதற்கு வேண்டியது ஒரு நிபந்தனை மட்டுமே: நோயை அறிவிப்பவர் அழியாமற் காக்கப்படல் வேண்டும். ஏற்றுமதி வருமானத்தின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு நிதியொன்று அமைத்து, நீரைத் திறந்துவிடாமல் தடுத்துவைத்து நோயை அறிவித்த வளர்ப்பாளருக்கு ஈடு வழங்குக. குளம் மூடப்பட்ட நாட்களில் கூலியிழக்கும் தொழிலாளரையும் அவ்வீட்டில் உள்ளடக்குக. அறிவித்தல் நட்டமாகாதவிடத்து மறைத்தலும் இலாபமாகாது.

7

ஏழை நாட்டுக்கு இத்தகைய சோதனைகள் கட்டுப்படியாகுமா என்பது எஞ்சியிருக்கும் வினா. இவ்வினா நேர்மையானது. சோதனைக்கு வேண்டிய நொதியங்களும் இரசாயனங்களும் இறக்குமதியாகின்றன. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருத்துவமனைகளுக்கே மருந்து கிடைக்காத நிலையை நாடு கண்டது. ஆயினும், பெருந்தொற்றுக் காலத்திற் பீ.சீ.ஆர். இயந்திரங்களும் அவற்றை இயக்கக் கற்ற கைகளும் இந்நாட்டில் முன்னெப்போதும் இல்லாதவாறு பெருகின என்பதையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் உட்படப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் அக்காலத்தில் அச்சோதனைகளை நடத்திக்காட்டின. அத்திறமையை அவ்வவசரத்தோடு உறங்கவிடுவது அறிவுடைமையாகாது. மேலும், ஆயிரம் குளங்களை ஆயிரம் முறை சோதிப்பதைவிட, கால்வாயின் இருபது இடங்களை வாரமொருமுறை சோதிப்பது பன்மடங்கு மலிவானது. பொதுவழி நீதியான வழி மாத்திரமன்று, சிக்கனமான வழியுங்கூட. தனியார்வழியே வறிய நாட்டுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

மொழியும் இவ்விடத்து அற்பப் பொருளன்று. சிலாபம், புத்தளம் கரையில் இறால் வளர்ப்போர் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோருமாவர். சுற்று எண்களும் இலத்தீன் பெயர்களும் நிறைந்த ஆங்கில அறிக்கை அவர்களின் கையில் வெறுங் காகிதமே. "இன்று நீரெடுக்க வேண்டாம்" என்ற ஒரு வரி, சங்கத்தின் பலகையில் இரு மொழிகளிலும் அன்றே எழுதப்படல் வேண்டும். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கூறவியலாது என நெடுங்காலம் வாதிட்டோர் பல்கலைக்கழகங்களில் இருந்தனர். குளக்கட்டிற் நிற்பவனுக்குப் புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையேயன்று என்பதை அவர்தம் மாணவர்களேனும் உணர்தல் வேண்டும்.

8

கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் உளர். நோய்க்காரணியை இனங்காண்பது விஞ்ஞானபீடத்தின் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயை அறிந்தவன் ஏன் வாய்திறக்கவில்லை என்பது பொருளியலின் வினா. பொதுநீரின் உரிமை யாருக்கு என்பது சட்டத்தினதும் அரசியலினதும் வினா. அழிவின் பின் சிறியவன் குளத்தை இழக்க வலியவன் மட்டும் எஞ்சுவதேன் என்பது சமூகவியலின் வினா. இவற்றுக்கு விடைகாணாத சோதனை, கதவின்றிச் செய்த பூட்டைப் போன்றது. இரு பீடங்களும் தத்தம் மதிலுக்குள் நின்று ஒன்றையொன்று ஏளனஞ்செய்யும் பழக்கத்தால் நட்டமடைவது இரு பீடங்களுமல்ல. கடன்பட்டுக் குளம் வெட்டியவனே.

வடக்கிலும் கிழக்கிலும் களப்புக்கரைகள் பல உள. இறால் அந்நியச் செலாவணியை ஈட்டித்தரும் பொருளாக இருக்கும்வரை அக்கரைகளின்மீதும் முதலீட்டாளரின் பார்வை விழவே செய்யும். அங்கு புதிய குளங்கள் வெட்டப்படுமாயின், மண்வெட்டி விழுமுன்னரே கேட்கப்படவேண்டிய கேள்விகள் இவை: நீர் எங்கிருந்து எடுக்கப்படும்? கழிவு எங்கே விடப்படும்? கண்டல் எஞ்சுமா? நீரைச் சோதிப்பவர் யார்? விடையை வாசிப்பவர் யார்? முதல் மூன்று கேள்விகளுக்குத் தக்க பதில் இல்லாதவிடத்து, "நவீன பரம்பரைப் பொருட் சோதனை உண்டு" என்ற நான்காவது பதிலைக் கேட்டு எவரும் ஏமாறலாகாது. தவறான இடத்தில் வெட்டிய குளத்தை எந்தச் சோதனையும் சரியான இடத்துக்குப் பெயர்த்து வைக்காது.

நீர் பொய் சொல்வதில்லை. தன்னுள் வாழ்ந்ததையும் மடிந்ததையும் அது தாங்கிவருகின்றது. அச்சாட்சியத்தை வாசிக்கும் ஆற்றல் இன்று மனிதனுக்குக் கிடைத்துள்ளது. வாசித்ததை ஊரறியச் சொல்வதா, பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதா என்பதை இயந்திரம் தீர்மானிக்கப்போவதில்லை. 1996 இல் வாய்மூடிய குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெறுமையாயின. அப்பாடத்தை ஏற்கெனவே மிக உயர்ந்த விலைகொடுத்து வாங்கிய நாடு, அதனை மீண்டும் ஒருமுறை வாங்கவேண்டியதில்லை.